எழுத்துக்கூட்டு பற்றி ஒரு வழக்குக் குறிப்பு

போர்ட் லூயிஸ், உச்ச நீதிமன்றம்.
நாற்பத்தாறு பக்கத் தீர்ப்பு.
சட்ட இதழுக்கு அதை
இரண்டு பக்கமாகச் சுருக்கித் தரவேண்டும் நான்.

வழக்கின் செய்தி இவ்வளவுதான்:
சூயாக் பக்கம், கடலுக்கு முதுகு காட்டி,
கரும்புக்கு நடுவே இரண்டு ஆர்ப்பான் நிலம்.
கேட்பவர் செல்வினா, பஸ் கண்டக்டர்.
மறுப்பது சர்க்கரைக் கம்பெனி;
சர்க்கரையை விட்டுவிட்டு இப்போது வில்லா கட்டுகிறது.

1899, விலைப்பத்திரம்: வாங்கியவன் வைதிலிங்கோன்.
1904, திருமணப் பதிவு: மாப்பிள்ளை விதிலிங்கும்.
1931, சர்வே வரைபடம், ஓடைக்கு இந்தப் புறம்,
பொடி எழுத்தில், வைடெலிங்கும்.

மூவரும் ஒருவரே என்பதற்குச்
சான்று இல்லை என்றது மன்றம்.
சான்று இருந்தது. தமிழில் இருந்தது.
கோவில் நன்கொடைப் புத்தகத்தில் ஒரு கையெழுத்து:
வை, த், தி, லி, ங், க, ம்.
ஏழே எழுத்து, ஒரு பிசிறு இல்லை.
மொழிபெயர்ப்போடு பிரமாணம் இணைக்கவில்லையென்று
திரும்பிப் போனது அது,
வந்த அதே பாலித்தீன் பையில்.

சொல்லின் முதலில் ஐகாரம்
ஒன்றரை மாத்திரையாகக் குறுகும்;
அதற்கு இலக்கணம் உண்டு.
நோட்டேரியின் மைக்கூட்டில் விழுந்து
அது இகரமாகிக் கரையேறும் என்பதற்கு
எந்த நூற்பாவும் இல்லை.

நாற்பது வருடம் அங்கேயே குடியிருந்தாளே?
இருந்தாள், நாங்கள் பொறுத்துக்கொண்டோம்
என்கிறது கம்பெனி.
பொறுத்தவன் நிலத்தில் உரிமை முளைக்காது:
பழைய விதி. அதில் பிழை சொல்ல
எனக்கும் வழியில்லை.

பிழை வேறிடத்தில்.
காதில் விழுந்ததை எழுதினான் குமாஸ்தா;
வரிசை நீளம், வெயில், அவன் காது பிரெஞ்சுக் காது.
அவன்மேல் வழக்கில்லை.
ஆனால் கேட்டவன் பிழையைச்
சொன்னவன் வாரிசு சுமக்கவேண்டும்:
தீர்ப்பைப் பிழிந்தால் சொட்டுவது இதுதான்.

விளைவுகள் என்றொரு தலைப்பு
இதழ் ஆசிரியருக்கு எப்போதும் வேண்டும்.
எழுதுகிறேன்:
என் அப்பாவுக்கு வங்கியில் ஒரு எழுத்து கூட,
ஓய்வூதியத்தில் ஒரு எழுத்து குறைவு.
அக்காவும் நானும்
காகிதத்தில் உறவே இல்லை.
இந்த விதி நிலைத்தால்
தீவில் பாதிப் பேர்
தம் தகப்பனுக்குப் பிறக்கவில்லை.
கப்பலில் ஒற்றை ஆளாக ஏறியவர்கள்
கச்சேரியில் கும்பலாக இறங்குகிறார்கள்,
ஒருவரை ஒருவர் தெரியாதவர்களாக.

இதையெல்லாம் எழுதி, அடித்து,
மெய்ப்புப் பார்க்கையில்தான் கண்டேன்.
நான்காம் பக்கத்தில் வாதி
வைடெலிங்கும்.
நாற்பத்தைந்தில், மனு தள்ளுபடி ஆகும் இடத்தில்,
வைதெலிங்கம்.
தட்டச்சுப் பிழை. யாருக்கும் வருவது.
ஆனாலும், கனம் நீதிபதிகளே,
உங்கள் அளவுகோலை உங்கள் பக்கத்திலேயே வைத்தால்
தோற்றது யார்?
வழக்குப் போட்டவள் இன்னும்
தீர்ப்புக்குக் காத்திருக்கிறாள் அல்லவா?

அடிக்குறிப்பாகச் சேர்த்தேன்.
இடமில்லை என்று வெட்டிவிட்டார் ஆசிரியர்.

செல்வினாவுக்குப் போன் செய்து சொன்னேன்.
பஸ் இரைச்சலுக்குள் சிரித்தாள்.
நேற்று அமீனா வந்தானாம்,
கம்பெனியின் வழக்குச் செலவு கேட்டு.
நோட்டீஸில் அவள் பெயர்
நான்காவது விதமாக இருந்ததாம்.

கதவு மட்டும்
சரியான கதவு.